‘ஈஸியா இல்ல’ என்று ஆபீஸில் சொன்னால் என்ன செய்வது: எம்எஸ் ஆபீஸா, லிப்ரே ஆபீஸா என்று நீங்களே சோதிக்கும் வழி

ஒரு சனிக்கிழமை மதியம் ஆரம்பித்து ராத்திரி 10 மணிக்குள் ஒரு சின்ன ஆபீஸின் ஒன்பது கம்ப்யூட்டரிலும் எம்எஸ் ஆபீஸை எடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸைப் போட்டு, எல்லாருடைய டெஸ்க்டாப்பிலும் ஐகானை வரிசையாக வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்த தெம்பில் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை டீ குடிப்பதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. “தம்பி, இது சுத்தமா ஈஸியா இல்ல.” என்னக்கா ஈஸியா இல்ல? “எல்லாமேதான்.” அடுத்த போனிலும் அதே பதில், அதற்கடுத்ததிலும் அதே. புதன்கிழமை முதலாளி கூப்பிட்டு, “பழசையே போட்டுடுங்க, வேலை நிக்குது” என்று சொல்லிவிட்டார்.

தப்பு முழுக்க என்னுடையது. மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு ஆளையாவது உட்கார வைத்து, ஒரே ஒரு வேலையையாவது செய்யச் சொல்லிப் பார்த்திருக்கலாம். அப்போதிருந்து எந்த ஆபீஸிலும் இரண்டு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை வேலை செய்கிற இடங்களுக்கு இது சரியாக வரும். உதாரணமாக எம்எஸ் ஆபீஸின் எக்ஸெல், வேர்ட், அவற்றுக்கு ஈடாக லிப்ரே ஆபீஸில் இருக்கும் கால்க், ரைட்டர் இவற்றை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கூகுள் டாக்ஸையோ டபிள்யூபிஎஸ்ஸையோ ஒப்பிட்டாலும் செய்ய வேண்டியது இதேதான்.

‘ஈஸி’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஒருவர் ஒரு மென்பொருளை ஈஸி என்கிறார் என்றால், பெரும்பாலும் ‘யோசிக்காமலே என் கை போகிறது’ என்றுதான் அர்த்தம். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆபீஸ் 2007 வந்தபோது என்ன நடந்தது என்று அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். மெனுக்களைத் தூக்கிவிட்டு மேலே ரிப்பன் என்று ஒரு பட்டையைக் கொண்டுவந்தார்கள். ஃபைல் மெனு இருந்த மூலையில் ஒரு வட்டப் பட்டன் வந்தது, பார்க்க லோகோ மாதிரி இருக்கும், அதை அமுக்கினால்தான் பிரிண்ட், சேவ் எல்லாம் வரும் என்று பல பேருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் 2010 பதிப்பில் ஃபைல் என்ற பெயரே திரும்பி வந்தது. அன்றைக்கு ரிப்பனைத் திட்டியவர்கள்தான் இன்று லிப்ரே ஆபீஸைத் திறந்து, கிட்டத்தட்ட 2003 காலத்து மெனு மாதிரியே இருப்பதைப் பார்த்துவிட்டு, “பட்டை எங்க? ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியலியே” என்கிறார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், இடையில் பதினைந்து இருபது வருடப் பழக்கம் புகுந்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாகவே கம்ப்யூட்டர் பாடம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில்தான் நடக்கிறது, அங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்வது லிப்ரே ஆபீஸ். பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே ஒரு நூல் வியாபாரியிடம் கணக்கு எழுதச் சேர்ந்த பையன் ஒருவன், எக்ஸெல்லில் தலைப்பு வரி எல்லாப் பக்கத்திலும் வருவதற்கு என்ன செய்வது என்று தெரியாமல், “கால்க்குல ஈஸி சார்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்த ஒரு விஷயம் இரண்டிலுமே ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஃபிரெட் டேவிஸ் என்பவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வை இந்த விஷயத்தில் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு மென்பொருளை மக்கள் ஏற்றுக்கொள்வது இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார் அவர்: இது என் வேலைக்கு உதவுமா, இது சுலபமாக இருக்குமா. இரண்டில் முதலாவதுதான் அதிகம் இழுக்கிறது என்பதும் அவர் கண்டது. வேலை கண்டிப்பாக முடியும் என்றால் கொஞ்சம் கஷ்டப்படவும் ஆட்கள் தயார். ஆக, ‘ஈஸியா இல்ல’ என்று ஒருவர் சொல்லும்போது, அதற்குள் ‘வேலை முடியாதோ’ என்ற பயம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் இருக்கும்.

நான் புகார்களை மூன்றாகப் பிரிக்கிறேன். கைப்பழக்கம், செட்டிங், நிஜமாகவே முடியாதது. காதில் கேட்கும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கைப்பழக்கத்துக்கு உதாரணம்: எக்ஸெல்லில் ஒரு வரிக்கு மஞ்சள் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய் எஃப்4 அமுக்கினால் அங்கேயும் மஞ்சள் விழும், கடைசியாகச் செய்ததை அது திரும்பச் செய்யும். கால்க்கில் எஃப்4-க்கு ஃபார்முலாவில் டாலர் குறியை மாற்றிப் போடுகிற வேலை மட்டும்தான், திரும்பச் செய்வதற்குக் கன்ட்ரோல், ஷிப்ட், ஒய். இது தெரியாமல் ஒரு அக்கா நாள் முழுக்க எஃப்4 அமுக்கிப் பார்த்துவிட்டு, “இதுல கலரே அடிக்க முடியல” என்று சொன்னார். கலர் அடிக்க முடியும். அவருடைய ஒரு விரல்தான் வேலை செய்யவில்லை.

செட்டிங் தகராறுக்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் பாமினி எழுத்துரு. மனு, விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற இடங்களில் இன்னும் பாமினி உயிரோடு இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட முகமூடிதான்: சின்ன எம் அடித்தால் அ, பெரிய எம் அடித்தால் ஆ. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வேர்டிலும் உண்டு, ரைட்டரிலும் உண்டு. ஆனால் வேர்டில் யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருடத்துக்கு முன்பே அதை நிறுத்திவைத்துவிட்டுப் போயிருப்பார், புதிதாகப் போட்ட ரைட்டரில் அது ஓடிக்கொண்டிருக்கும். ‘அரசு’ என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் ‘ஆரசு’ ஆகிவிடுகிறது. அடிப்பவருக்கு என்ன தோன்றும்? ‘இந்த சாஃப்ட்வேருக்குத் தமிழ் வராது.’ முழு ஆபீஸிலும் இந்தப் பேச்சு பரவிவிடும். ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிற விஷயம் இது, எடுக்கிறவரைக்கும் அவர் சொல்வதும் பொய் இல்லை.

மூன்றாவது வகை, நிஜமாகவே முடியாதது. வருமான வரித் துறை தருகிற எக்ஸெல் யுட்டிலிட்டி, ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்கான எக்ஸெல் ஆஃப்லைன் யுட்டிலிட்டி இரண்டுமே மைக்ரோசாஃப்ட் எக்ஸெல்லின் மேக்ரோக்களை, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதிவைத்த குட்டி நிரல்களை, நம்பி இருப்பவை. கால்க்கில் போராடாதீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் இதை யாராவது ‘கஷ்டமா இருக்கு’ என்று சொன்னால் அது பழக்கப் பேச்சு இல்லை, கதவே திறக்கவில்லை என்று சொல்கிறார்.

சோதனைக்கு முன் செட்டிங்

பத்து வருடமாக ஓட்டி, சீட்டும் கண்ணாடியும் தனக்கேற்ற மாதிரி வைத்திருக்கிற வண்டியையும் ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டியையும் ஒப்பிட்டால் எது ஜெயிக்கும்? அதனால் புதியதை முதலில் அந்த ஆபீஸுக்கு ஏற்ற மாதிரி திருகி வைத்துவிட்டுத்தான் சோதனை ஆரம்பிக்க வேண்டும்.

லிப்ரே ஆபீஸில் நான் தவறாமல் செய்வது இவை. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று இருக்கும், அதில் டேப்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ரிப்பன் மாதிரியே பட்டை வந்துவிடும். 2019-இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து இது நன்றாகவே இருக்கிறது. எல்லாருக்கும் போட்டுவிடாதீர்கள், 2003 காலத்து ஆட்கள் சிலர் பழைய மெனுவைப் பார்த்து, ஊருக்கே திரும்பி வந்த மாதிரி சந்தோஷப்படுவார்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல். அங்கே சேமிக்கும் வடிவத்தை வேர்ட், எக்ஸெல்லின் வடிவங்களான டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றுங்கள். கூடவே, ஓடிஎஃப் (லிப்ரே ஆபீஸ் வழக்கமாகச் சேமிக்கும் வடிவம்) அல்லாத வடிவத்தில் சேமித்தால் எச்சரிக்கை காட்டு என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் ‘இந்த வடிவத்திலேயே வைக்கவா’ என்று ஒரு பெட்டி வந்து கேட்டால் சாதாரண ஆளுக்கு வயிற்றைக் கலக்கும், ஏதோ அழியப்போகிறது என்றுதான் படும். ஓடிஎஃப் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்டது, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் எதிர்முனையில் வங்கியும் வாடிக்கையாளரும் டாக்எக்ஸ்தான் கேட்கிறார்கள், அவர்களோடு சண்டை போடுவது டைப்பிஸ்ட் அக்காவின் வேலை இல்லை.

கால்க் ஆப்ஷன்ஸில் ஃபார்முலா என்ற பகுதியில் சின்டாக்ஸை (ஃபார்முலா எழுதும் முறையை) எக்ஸெல் ஏ1 என்று வையுங்கள். இல்லையென்றால் வேறு ஷீட்டைக் குறிக்கும்போது எக்ஸெல்லில் ஆச்சரியக்குறி வரும் இடத்தில் இங்கே புள்ளி வரும், பழக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டுவிட்டு பிழை வருகிறதே என்று முழிப்பார்கள். ஃபார்முலாவுக்குள் கமா போட வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி கேட்டால் அதையும் அதே பக்கத்தில் மாற்றலாம். பேக்ஸ்பேஸ் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எக்ஸெல்லில் கட்டத்தை அழிக்கப் பேக்ஸ்பேஸ் தட்டுகிறவர்கள் நிறையப் பேர், கால்க்கில் அதைத் தட்டினால் ‘எதையெதை அழிக்க’ என்று கேட்டு ஒரு பெட்டி வரும். டெலீட் விசையை அமுக்கினால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.

பாமினியோ வேறு பழைய எழுத்துருவோ ஓடுகிற கம்ப்யூட்டரில் டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துவது, மேற்கோள் குறியை வளைப்பது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். யுனிகோடில், அதாவது போனிலும் இணையத்திலும் ஓடுகிற பொதுத் தமிழ் எழுத்து முறையில், அடிக்கிறவர்களுக்கு இது வேண்டாம், அவர்களுக்கு வேறு ஒன்று வேண்டும்: மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுத்து, ரைட்டரின் பேசிக் ஃபான்ட்ஸ் பகுதியில் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு ஒரு பெட்டி, தமிழுக்கு ஒரு பெட்டி என்று இரண்டு இருக்கின்றன. ஒன்றை 14 ஆக்கினால் மற்றது 12-லேயே நிற்கும். ‘சைஸை மாத்தினா பாதிதான் மாறுது’ என்ற புகாரின் மூலம் இதுதான்.

லினக்ஸில் போடுகிறீர்கள் என்றால் இன்னொன்று. வேர்டில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேறு தமிழ் எழுத்துருவில் திறக்கும், எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாவது பக்கத்தில் ‘இப்படிக்கு’ என்ற ஒரே வரியோடு போய் நிற்கும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு: காலிப்ரியின் அகலத்துக்கே அளவெடுத்துச் செய்த கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடேயா, டைம்ஸ், ஏரியல் இரண்டுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள் என்று மாற்று இருக்கின்றன.

சிலர் ஐகானையும் பெயரையும் மாற்றி, ரைட்டருக்கு வேர்ட் என்றே வேஷம் போட்டு வைக்கிறார்கள். செய்யாதீர்கள். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் உங்கள் தலையில்தான் விழும்.

வேலைகளைத் தேர்ந்தெடுப்பது

இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஃபைல்களைத் தொடாதீர்கள். அந்த ஆபீஸின் போன மாத ஃபோல்டரைத் திறந்து, அதிலிருந்தே ஆறு வேலை எடுங்கள். அதிகம் திறக்கப்படுவது எது, மாதக் கடைசியில் உயிரை வாங்குவது எது என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வேலையை எழுதிக் கொடுக்கும்போது மெனுவில் இருக்கிற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. இது ரொம்ப முக்கியம். ‘ஃபில்டர் போடுங்கள்’ என்று எழுதினால் அவர் ஃபில்டர் என்ற சொல்லைத் தேடுவார். எக்ஸெல்லில் அது ஃபில்டர் என்று இருக்கும், கால்க்கில் ஆட்டோஃபில்டர் என்று இருக்கும். நீங்கள் சோதித்தது சொல் தேடும் திறமையைத்தான். ‘90 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் பெயர் மட்டும் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் மறைந்திருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். அதே மாதிரி: ‘சம்பளப் பட்டியலில் ஏழாவது ஆளுக்குக் கீழே ஒரு புது ஆளைச் சேர்க்க வேண்டும், கீழே இருக்கும் கூட்டுத்தொகையில் அவருடைய சம்பளமும் வந்திருக்க வேண்டும்.’ ‘நாலு பக்க ஸ்டாக் பட்டியல் பிரிண்ட் ஆகும்போது தலைப்பு வரி நாலு பக்கத்திலும் வர வேண்டும்.’ ‘இந்தக் கடிதத்தைத் திருத்த முடியாத ஃபைலாக மெயிலில் அனுப்ப வேண்டும்.’

தலைப்பு வரி வேலை கண்டிப்பாக இருக்கட்டும். எக்ஸெல்லில் அது பேஜ் லேஅவுட் பட்டையில் பிரிண்ட் டைட்டில்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. கால்க்கில் ஃபார்மட், பிரிண்ட் ரேஞ்சஸ், எடிட் என்று உள்ளே போக வேண்டும், யாருக்கும் லேசில் தோன்றாது. ரொம்ப வருடம் எக்ஸெல் ஓட்டியவர்களே இதில் முழிப்பதைப் பார்க்கலாம். ‘நான் வைத்திருப்பது ஈஸி’ என்ற நம்பிக்கை கொஞ்சம் ஆடும்.

பிடிஎஃப் வேலை இதற்கு நேர்மாறு. லிப்ரே ஆபீஸின் மேல் பட்டையிலேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, ஒரே அமுக்கு. கல்யாணப் பத்திரிகை உறைக்கு நாற்பது முகவரி பிரிண்ட் எடுக்கிற மாதிரி மெயில் மெர்ஜ் வேலை இருந்தால் அதையும் சேருங்கள், ஆனால் ரைட்டரில் முகவரிப் பட்டியலை முதலில் டேட்டா சோர்ஸாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அங்கே எல்லாரும் தடுக்கி விழுவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேர்டில் அது சுலபம், மறுப்பதற்கில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது

ஐந்து பேர் போதும். யேகப் நீல்சன் என்ற பயன்பாட்டு வல்லுநர் ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று சொல்லிப் பல வருடங்கள் ஆகிறது, என் அனுபவத்திலும் ஆறாவது ஆள் புதிதாக எதுவும் காட்டியதில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆளாக இருக்கக் கூடாது. வேகமான ஆள் ஒருவர், பயப்படுகிற ஆள் ஒருவர், ஓய்வு பெறப்போகிறவர் ஒருவர், புதிதாக வந்த பிள்ளை ஒருவர், அப்புறம் முதலாளி. முதலாளியைக் கட்டாயம் உட்கார வையுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

இரண்டு மென்பொருளையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டுச் சோதியுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் இயந்திரத்தில் லிப்ரே ஆபீஸ் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும், அதைப் பார்த்துவிட்டு ‘இது ஸ்லோ’ என்ற முத்திரையைக் குத்திவிடுவார்கள், அதற்கப்புறம் வேறு எது நன்றாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சோதனைக்கு முன் இரண்டையும் ஒரு தடவை திறந்து மூடிவிடுங்கள். பாதிப் பேருக்குப் பழையதை முதலில் கொடுங்கள், மீதிப் பேருக்குப் புதியதை முதலில். இரண்டாவது சுற்றுக்கு வேறு மாத ஃபைல் கொடுங்கள், இல்லையென்றால் விடை ஞாபகத்திலேயே இருக்கும்.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் எனக்கு இன்னும் கஷ்டமான பகுதி. எலி தப்பான மெனுவில் சுற்றும்போது கை பரபரக்கும், ‘அக்கா, அதுக்குப் பக்கத்துல’ என்று சொல்லத் தோன்றும். சொன்னால் சோதனை முடிந்தது. மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மட்டும் ‘பரவால்ல, அடுத்ததுக்குப் போவோம்’ என்று சொல்லிவிட்டு, முடியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்க வேண்டியது நான்கே நான்கு: முடிந்ததா இல்லையா, எத்தனை நொடி, முதலில் எங்கே கிளிக் செய்தார், வாயால் என்ன சொன்னார். மூன்றாவதுதான் தங்கம். முதல் கிளிக் எங்கே போகிறது என்பதுதான் பழக்கத்தின் முகவரி. ஒருவர் கால்க்கில் இல்லாத ஒரு பட்டையைத் தேடி மேலே இடது பக்கம் மூன்று தடவை போனார் என்றால், டேப்ட் போட்டுக் கொடுத்தாலே அவர் பாதி சமாதானமாகிவிடுவார்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரே கேள்வி: 1 என்றால் ரொம்பக் கஷ்டம், 7 என்றால் ரொம்பச் சுலபம், எத்தனை போடுவீர்கள்? உடனே கேட்க வேண்டும். இங்கேதான் வேடிக்கை. கணக்கு எழுதும் அக்கா ஒருவர் பிடிஎஃப் வேலையை ரைட்டரில் வேர்டைவிடப் பாதி நேரத்தில் முடித்தார், ஆனால் வேர்டுக்கு 6-உம் ரைட்டருக்கு 4-உம் போட்டார். ஸ்டாப்வாட்சைக் காட்டினேன். “அது சரி தம்பி, ஆனா இதுல செய்யும்போது நெஞ்சு அடிச்சுக்குதே” என்றார். நேரமும் மார்க்கும் இப்படி எதிரெதிராக நிற்கிற வேலைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவையெல்லாம் இரண்டு வாரத்தில் தானே சரியாகக் கூடியவை. நேரமும் மோசம், மார்க்கும் மோசம் என்றால் அது வேறு கதை.

பத்துக் கேள்வித் தாள்

எல்லா வேலையும் முடிந்தபின், அரட்டை ஆரம்பிப்பதற்கு முன், இந்தத் தாளைக் கொடுங்கள். ஜான் புரூக் என்பவர் 1986-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தபோது உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற அளவுகோல் இது, இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. தமிழில் நான் என் ஆபீஸ்களுக்காக எழுதி வைத்திருப்பது:

1. இதை அடிக்கடி பயன்படுத்த எனக்கு விருப்பம்.
2. தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது.
3. பயன்படுத்தச் சுலபமாக இருக்கிறது.
4. கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு ஓடும்.
5. இதில் இருக்கிற வசதிகள் ஒன்றோடு ஒன்று நன்றாக ஒத்துப் போகின்றன.
6. ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி இருக்கிறது.
7. பெரும்பாலானவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள்.
8. கையாளுவது பெரிய இழுபறியாக இருக்கிறது.
9. தைரியமாக வேலை செய்ய முடிந்தது.
10. ஆரம்பிப்பதற்கு முன்பே நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 5 என்றால் முழுக்கச் சம்மதம். ரொம்ப யோசிக்கக் கூடாது, முடிவு வராவிட்டால் 3.

கணக்கு கொஞ்சம் வளைந்து போகும். ஒற்றைப்படைக் கேள்விகளில் போட்ட எண்ணிலிருந்து 1 கழியுங்கள். இரட்டைப்படையில், 5-லிருந்து போட்ட எண்ணைக் கழியுங்கள். பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். ஒருவர் ஒற்றைப்படைக்கு 4, 3, 4, 3, 4 போட்டார் என்றால் 3+2+3+2+3, அதாவது 13. இரட்டைப்படைக்கு 3, 2, 2, 3, 4 என்றால் 2+3+3+2+1, அதாவது 11. மொத்தம் 24, பெருக்கினால் 60. இது சதவீதம் இல்லை, ‘60 மார்க் பாஸ்தானே’ என்று முதலாளி சொன்னால் விடாதீர்கள். பொதுவாக 68-ஐச் சராசரி என்று வைத்துக்கொள்கிறார்கள், அதற்குக் கீழே என்றால் ஏதோ உறுத்துகிறது.

பழகின மென்பொருளுக்கு மார்க் கூடவே விழும், அது இயல்பு. அதனால் முதல் நாள் மார்க்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு வாரம் புதியதில் நிஜ வேலை பார்க்க விட்டு, அதே ஆட்களிடம் அதே தாளை மறுபடி கொடுங்கள். மார்க் எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைப் பாருங்கள். 4-ஆவது, 9-ஆவது கேள்விகளில் கழித்தபின் வரும் எண் ஏறியிருந்தால் ஆள் பழகிவிட்டார். 2, 6, 8 அசையாமல் இருந்தால் இரண்டு மாதம் கழித்தும் அசையாது.

முடிவெடுக்கும்போது

எல்லாருக்கும் ஒன்றே என்று கட்டாயம் இல்லை. இதைச் சொன்னால் சுதந்திர மென்பொருள் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013 வாக்கில் ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடித்து, 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே போக ஓட்டுப் போட்டது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அவர்களுக்கே இது ஒரே நாளில் முடிகிற காரியமாக இல்லை, நானோ ஒன்பது கம்ப்யூட்டரை ஒரு சனிக்கிழமையில் மாற்றப் பார்த்தவன்.

மூன்றாவது வகைப் புகார், அதாவது நிஜமாகவே முடியாதது, யாருடைய மேஜையில் இருக்கிறதோ அங்கே எம்எஸ் ஆபீஸ் இருக்கட்டும், உரிமத்துக்கான காசைக் கொடுத்து ஒழுங்காக வாங்குங்கள். செட்டிங் புகார் உங்கள் வேலை, அன்றைக்கே முடியுங்கள். மிச்சம் இருப்பது கைப்பழக்கம், அதற்கு வகுப்பு எடுக்காதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். சோதனையில் அந்த ஆள் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் எடுத்து, அதிகபட்சம் ஐந்து வரி, அவர் பேசுகிற சொல்லிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே சீட்டு வேண்டாம், ஆளுக்கொன்று.

அந்த ஒன்பது கம்ப்யூட்டர் ஆபீஸுக்கு ஒரு வருடம் கழித்து இந்த முறையோடு மறுபடி போனேன். இப்போது ஆறில் லிப்ரே, மூன்றில் எம்எஸ். ‘எல்லாமேதான்’ என்று சொன்ன அக்காவின் மானிட்டரில் சீட்டு இன்னும் இருக்கிறது. பழகப் பழக ஒவ்வொரு வரியாகப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார், நாலு வரி போய்விட்டது. ‘கலர் திரும்ப அடிக்க: கன்ட்ரோல், ஷிப்ட், ஒய்’ மட்டும் அடிபடாமல் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் சின்னதாக ‘எஃப்4 இல்லை’ என்று இருக்கிறது.